ஐந்தாறு மைல் சென்று ஆணி தறைந்த கதை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஐந்தாறு மைல் தூரம் இருக்கும். காலி வீதியின் நெரிசலையும் புறக்கோட்டையின் சந்தடியையும் கடந்து, அவ்வளவு தூரமும் ஒரு பழைய லாண்ட் ரோவர் வண்டியை வேறொரு வாகனத்தின் பின்னே கட்டி இழுத்துச் சென்றோம். எதற்காகவெனில், மூன்று டசின் அலுமினிய ஆணிகளைத் தறைவதற்காக. "நாலு ஆணி அடிக்க வெள்ளவத்தையிலே ஆளில்லையா?" என்று வண்டிக்குரியவரின் மனைவியார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆணி அடிப்போர் பலர் உளர். நாமே அடித்தோம். அப்படி அடித்ததன் பயனாகவே இப்பயணம் நேர்ந்தது.

ஆணி அடித்தல் வேறு. ஆணி தறைதல் வேறு. மரத்தில் அடிக்கும் ஆணி மரத்தை நெருக்கிக்கொண்டு உட்சென்று, அந்த நெருக்கத்தினால் நிற்கிறது. தறையாணியோ முன்னரே இட்ட துளையில் இலகுவாக நுழைகிறது. மறுபுறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையை அடித்து விரித்தால், அதுவும் ஒரு தலையாகிவிடும். இரண்டு தலைகளுக்கும் நடுவே தகடுகள் சிறைப்பட்டு நிற்கும். வீட்டிலுள்ள அலுமினியச் சட்டியின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தால் இது விளங்கும். கராஜ்களில் இதனை 'ரிவெட்' என்பர். தறைதல் என்பது இதற்கென்றே நம் மொழியிலுள்ள பழைய வினைச்சொல். அதனையே இக்கட்டுரையில் கையாளுகிறோம்.

வண்டி வந்த வழி

வண்டியின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். அது 1955-ஆம் ஆண்டில் பதிவான வண்டி. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 86 அங்குலம் கொண்ட முதல் வரிசையைச் சேர்ந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்த பின், தோட்டங்கள் அரசுடைமையான 1975-ஆம் ஆண்டை அடுத்து விலைக்கு வந்தது. அத்தோட்டத்தின் தொழிற்சாலையில் தேயிலை பக்குவப்படுத்தும் அதிகாரியாக இருந்தவர் அதனை வாங்கினார். அவர் மகனே இன்றைய உரிமையாளர்; ஓய்வு பெற்ற ஆசிரியர்; எம் நண்பர். அயலவர்க்கு அவர் மாஸ்டர்.

வண்டியின் இலக்கத் தகட்டிலே ஆங்கில எழுத்துகள் இரண்டு இருக்கின்றன. 1950-களின் பிற்பகுதியில் பதிவான வண்டிகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்ததும், அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியும், 1958-ஆம் ஆண்டின் கலவரமும் பெரியோர் அறிந்தவை. அதற்குப் பின்னர் 1983-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, வீட்டு வாயில்களில் நின்ற வாகனங்களும் எரிந்தன. மாஸ்டரின் தந்தையாரிடம் அப்போது இரண்டு வண்டிகள் இருந்தன. வீதியில் நின்ற மொரிஸ் மைனர் எரிந்து கூடாயிற்று. லாண்ட் ரோவரோ எஞ்சின் கழற்றப்பட்ட நிலையில் மலைநாட்டுக் கராஜ் ஒன்றின் பின்புறத்தில் கிடந்தது, ஆகையால் தப்பியது. பழுதாகிக் கிடந்ததனாலே பிழைத்த வண்டி அது. அதனை மாஸ்டர் விற்காமல் வைத்திருப்பதற்கு வேறு காரணம் நாம் கேட்டதில்லை.

இலங்கையில் பழைய வண்டியைப் பேணுவதற்கு எல்லோரிடமும் இத்தகைய காரணம் இருக்க வேண்டுமென்பதில்லை. 1960-களில் தொடங்கி 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய கார்களை அரும்பொருளாக்கியிருந்தது. இருக்கும் வண்டியை ஒட்டியும் தைத்தும் ஓட்டும் கலையை நம் டிங்கர் பாஸ்மார் அக்காலத்திலேயே கற்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியின் மதிப்பை எள்ளி நகைத்தவர்களும் உணர்ந்துகொண்டனர். 'பாஸ்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. அவர்கள் மொழியில் தலைவன் என்று பொருள். நம் நாட்டிலோ கொத்தனாரும் தச்சரும் தகடு தட்டுபவரும் பாஸ் ஆயினர். கைத்தொழில் வல்லானுக்கு இது பொருத்தமான பட்டமென்றே நமக்குத் தோன்றுகிறது.

இரும்பு கிடைக்காத காலத்து உடல்

லாண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆந் தேதி அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்டவர் ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவரான மொரிஸ் வில்க்ஸ். உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தகடு பங்கீட்டுப் பொருளாக இருந்தது. அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆகையால் வண்டியின் சட்டம் உருக்காகவும் உடல் அலுமினியமாகவும் அமைந்தன. உடலுக்குப் பயன்பட்டது பர்மாபிரைட் என்ற கலப்புலோகம்; அலுமினியத்துடன் சிறிதளவு மக்னீசியம் சேர்ந்தது. உடலின் விளிம்புகள் அடிபடும் இடங்களாகையால், அவற்றின்மேல் துத்தநாகம் பூசிய உருக்குப் பட்டைகளை வைத்துத் தறைந்தனர்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஆனால் அதனை உருக்கோடு சேர்த்து உப்புநீரில் நனைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. மாணவ வாசகர்கள் ஓர் எலுமிச்சம்பழத்திலே துத்தநாகத் துண்டொன்றையும் செம்புக் கம்பியொன்றையும் செருகி மின்சாரம் உண்டாவதைப் பார்த்திருப்பார்கள். இரண்டு உலோகங்களும் அவற்றிடையே ஒரு நீர்மமும் சேர்ந்தால் மின்கலம் பிறக்கும். அதில் ஓர் உலோகம் கரைந்துகொண்டே போகும். உருக்கும் அலுமினியமும் சேருமிடத்தில் கரைவது அலுமினியம். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை அலுமினியத்துக்கு முன் துத்தநாகமே கரைந்து பலியாகிறது. அது தீர்ந்தபின் அலுமினியத்தின் முறை வருகிறது.

வெள்ளவத்தையிலே எலுமிச்சம்பழத்துக்குக் குறைவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு ரயில்பாதையும் ஒரு சாலையுமே உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சன்னற் கண்ணாடியை விரலால் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு வண்டியின் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வர்ணம் முதலில் கொப்புளிக்கும். கொப்புளத்தைக் கீறினால் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி உதிரும். அந்தப் பொடிதான் கரைந்துபோன அலுமினியம்.

நாம் செய்த பிழை

மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்புறத் தொட்டியின் இடப்பக்கப் பட்டை தளர்ந்தது. மாஸ்டரும் நாமும் ஒரு சனிக்கிழமை காலையில் பழைய ஆணிகளைத் தட்டியெடுத்துவிட்டு 'பொப் ரிவெட்' போட்டு முடித்தோம். இது ஒருபுறத்திலிருந்தே போடக்கூடிய குழலாணி. நடுவே ஒரு கம்பி இருக்கும். கைக்கருவியால் அக்கம்பியை இழுத்தால் குழலின் பின்முனை விரிந்து, கம்பி பட்டென்று முறியும். பர்மிங்ஹாமிலுள்ள டக்கர் நிறுவனத்தின் பெயரால் உலகெங்கும் பரவிய கண்டுபிடிப்பு. எதிர்ப்புறத்தில் கைபுகாத இடங்களுக்கு இணையற்றது. அதன்மேல் எமக்குக் குறையொன்றுமில்லை. நாம் வாங்கியது உருக்காலான வகை என்பதே குறை. அலுமினியக் குழல் கொண்ட வகையிலும் உள்ளே முறிந்து தங்கும் கம்பி பெரும்பாலும் உருக்காகவே இருக்கும்.

மூன்றாவது பருவமழை முடிந்தபோது ஆணிகளைச் சுற்றி வெண்பொடி பூத்திருந்தது. துளைகள் வட்ட வடிவத்தை இழந்து நீள்வட்டமாகியிருந்தன. பட்டை ஆடியது, ஆடிய பட்டை துளையை மேலும் தின்றது. முப்பத்தாறு துளைகளில் நான்கு, தகட்டின் ஓரத்துக்கு மிக அண்மையில் வந்துவிட்டன. இன்னொரு பிழை செய்தால் அப்பக்கத் தகடு முழுவதும் கழிந்துபோகும். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தகட்டிலே மாஸ்டரின் தந்தையார் தேயிலைச் சாக்குகளை ஏற்றியபோது விழுந்த நெளிவு ஒன்று உண்டு. புதுத் தகடு வாங்கலாம். அந்த நெளிவு அதில் வராது.

கடை கடையாக

சரியான ஆணியைத் தேடுவதே முதல் வேலையாயிற்று. பஞ்சிகாவத்தையில் எந்த மோட்டாரின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்பர். அங்கே பொப் ரிவெட் மூட்டை மூட்டையாக இருந்தது. திண்ணிய அலுமினிய ஆணியைக் கேட்டபோது கடைக்காரர்கள் எம்மை ஏற இறங்கப் பார்த்தனர். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் ஒன்றிலே பாத்திரக் கைப்பிடிகளுக்கான ஆணிகள் ஒரு தகரப் பேணியில் கிடைத்தன. மற்றொரு கடையில், விமானத்துக்கு உரியவை என்று சொல்லி ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தனர்.

இரண்டையும் கொட்டாஞ்சேனை பாஸிடம் கொண்டுசென்று காட்டினோம். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரியும் ஓர் ஒழுங்கையின் கோடியிலே அவர் பட்டறை இருக்கிறது. எழுபதைக் கடந்தவர். துறைமுகத்துக் கப்பல் பழுதுபார்க்கும் வேலையிலே கை பழகிய ஒருவரிடம் தொழில் கற்றவர். ஐம்பது ஆண்டுக்காலச் சுத்தியல் ஓசை அவர் செவிகளை மந்தமாக்கிவிட்டது. காதில் பஞ்சு வைக்கும் வழக்கம் தம் இளமையில் இருக்கவில்லை என்றார். இன்று தம் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு அவரே காதடைப்பான் வாங்கிக் கொடுக்கிறார்.

விமான ஆணியின் தலையை நகத்தால் தடவிப் பார்த்தார். அதன் நடுவே சிறு குழி இருந்தது. "இது கல்லு" என்று ஒதுக்கிவைத்தார். ஆணித் தலைகளிலுள்ள இக்குறிகளுக்குப் பொருளுண்டு. அமெரிக்க முறையில் குறியெதுவுமற்ற வெறுந்தலை தூய அலுமினியம். குழியுடைய தலை செம்பு கலந்த வன்மையான கலப்புலோகம். மேடாக எழுந்த இரண்டு கோடுகள் அதைவிட வன்மையான வேறொன்று. மக்னீசியம் கலந்ததற்குச் சிலுவை அடையாளம்.

இரட்டைக் கோட்டு ஆணியைப் பற்றி ஒரு விந்தையான செய்தி உண்டு. அதனைச் சூடாக்கி நீரில் தோய்த்தவுடன் சிறிது நேரம் மென்மையாக இருக்கும். பின்னர் தானாகவே இறுகத் தொடங்கும். விமானத் தொழிற்சாலைகளில் அந்த இறுக்கத்தைத் தாமதிக்கச் செய்வதற்காக அவ்வாணிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்துத் தறைவர். அலுமினியக் கலப்புலோகம் இவ்வாறு காலம் செல்லச் செல்ல இறுகுவதை 1906-ஆம் ஆண்டளவில் கண்டறிந்தவர் ஜெர்மானியரான அல்பிரெட் வில்ம். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து பறக்கத் தொடங்கிய எயர் சிலோனின் டக்கோட்டா விமானங்களின் மேனியும் இத்தகைய தகடுகளும் ஆணிகளும் நிறைந்ததே. லண்டன் நகரின் ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்துகளும் போர்க்கால விமானம் கட்டிய அனுபவத்தைக் கொண்டு அலுமினியத்தில் தறைந்து கட்டப்பட்டவை. அவற்றுள் சில 1980-களின் இறுதியில் இலங்கைக்கும் வந்து ஓடின.

மெல்லாணியின் வலிமை குழியாணியின் வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. அப்படியிருக்க, வலியதை ஒதுக்கி மெலியதை ஏன் எடுக்க வேண்டும்? வலிய ஆணியை விரிக்கப் பலமாக அடிக்க வேண்டும். அவ்வடியைப் பழைய மெல்லிய தகடு தாங்காது. ஆணி விரியுமுன் தகடு நெளிந்துவிடும். விளிம்புப் பட்டைக்கு மெல்லாணி போதும். வண்டியின் சட்டத்திலோ, தடை, வில் முதலிய உயிர்காக்கும் உறுப்புகளிலோ அதனை ஒருகாலும் இடலாகாது.

பேணியிலிருந்த ஆணிகள் மென்மையானவை எனினும் நெடுங்காலம் கிடந்தவை. பாஸ் ஒன்றை எடுத்து அடைகல்லின்மேல் வைத்துத் தட்டையாக்கினார். விளிம்பிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றின. அதற்கு மருந்து அவர் பட்டறையில் கைகழுவும் மேடைமேல் இருந்தது. அது சாதாரணச் சவர்க்காரக் கட்டி! அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். இரும்பைப் போல் உருகுமுன் செந்நிறமாகி எச்சரிக்கை செய்யாது. மென்மையாக்குவதற்கு வேண்டிய வெப்பமோ 350 முதல் 400 பாகை வரை. இதனைக் கண்ணால் அறிவது எப்படி? ஆணியின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்து இளந்தீயில் காட்டினால், அந்த வெப்பம் வரும்போது சவர்க்காரம் கருகிக் கறுக்கும். கறுத்தவுடன் தீயை விலக்கிவிட வேண்டும். இவ்வாறு பதப்படுத்திய ஆணியை மறுபடி அடித்தபோது வெடிப்பின்றி அப்பம்போல் விரிந்தது. இது தூய அலுமினியத்துக்கே பொருந்தும். குழியாணியை இப்படிச் சுட்டால் அதன் வலிமை கெட்டுவிடும்.

ஒன்றரை என்னும் கணக்கு

பழைய ஆணிகளை எடுப்பதிலே ஒரு முழு நாள் சென்றது. ஆணித் தலையின் நடுவே குறியிட்டு, ஆணியின் உடலைவிடப் பருமன் கூடாத துறப்பண அலகினால் தலையளவுக்கு மட்டும் துளைத்து, உளியால் தலையைக் கொய்து, பின்புறத்தில் மரக்கட்டையைத் தாங்கக் கொடுத்து உடலைத் தள்ளிவிட வேண்டும். நாம் மூன்றாண்டுக்கு முன் இதனையெல்லாம் உளியாலேயே முடித்திருந்தோம். அதன் தழும்புகளைப் பாஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

துளைகள் முதலில் 1/8 அங்குல ஆணிக்கு உரியவை. நீள்வட்டமாகிவிட்டபடியால் அடுத்த அளவாகிய 5/32 அங்குலத்துக்குப் பெருப்பிக்க வேண்டியதாயிற்று. துளை ஆணியைவிட மயிரிழையளவே பெரிதாக இருக்கலாம், 0.156 அங்குல ஆணிக்கு 0.159 அங்குலத் துளை. அதற்குமேல் இடைவெளி இருந்தால் ஆணி உள்ளேயே வளைந்துவிடும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் ஆணிப் பருமனைப் போல் இருமடங்கு தூரமாவது இருக்க வேண்டும். அந்நான்கு துளைகளுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. ஆகையால் அவற்றைப் பெருப்பிக்காது, உட்புறத்தில் ஒரு சிறு அலுமினியத் தகட்டை வைத்து, சற்றுத் தள்ளிப் புதுத்துளை இட்டோம்.

ஆணியின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தகடுகளின் மொத்தத் தடிப்போடு ஆணிப் பருமனின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். எமக்குத் தடிப்பு 1/8 அங்குலம், ஒன்றரை மடங்கு 15/64 அங்குலம், ஆக 23/64. கையிலிருந்தவை 3/8 அங்குல ஆணிகள், அதாவது 24/64. ஒவ்வொன்றையும் அரத்தால் 1/64 அங்குலம் தேய்க்கும் வேலை மாஸ்டரின் மகனுக்குக் கிடைத்தது. உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கும் பிள்ளை; "ஒன்றரை ஏன்?" என்று கேட்டான். அடித்து முடித்த தலை ஆணிப் பருமனின் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும் என்பது விதி. அவனே காகிதத்தில் கணக்கிட்டான். பருமனை ஒன்று என்று கொண்டால், நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் கனவளவு 1.5, தலையின் கனவளவு ஒன்றரையின் வர்க்கத்தை அரையால் பெருக்க 1.125. இரண்டிலும் பொதுவான பெருக்கெண்ணை விட்டுவிட்டால், மிச்சம் 0.375. அது எங்கே போயிற்று? தலை விரியுமுன் ஆணியின் உடல் பருத்துத் துளையை நிறைக்கிறது. எஞ்சியது தலையைச் சற்றுக் கூடுதலாகப் பரவச் செய்கிறது. துளை நிறைவதிலேதான் தறையாணியின் உறுதி இருக்கிறது. உள்ளே இடைவெளி இல்லையாகையால் தகடு ஆடாது; உப்புநீரும் எளிதில் புகாது.

இதற்கிடையே உருக்குப் பட்டையைக் கொடுத்து, உருகிய துத்தநாகத்தில் மறுபடியும் தோய்த்து எடுத்தோம். வெற்று உருக்குப் பட்டையில் அலுமினிய ஆணியை இட்டால், பரந்த உருக்கின் நடுவே சிறிய ஆணி அகப்பட்டு விரைவில் கரைந்துவிடும். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே இணைப்புப் பசையும் பூசினோம். பழைய கைகள் விரும்புவது குரோமேற்றுச் சேர்ந்த பசை. அது நஞ்சாகையால் இப்போது குரோமேற்று இல்லாத வகைகள் வந்துள்ளன. அதையே வாங்கினோம்.

ஒரு தட்டு, இரண்டு தட்டு

தறைவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிப்பார். மற்றவர் உள்ளே குனிந்து எதிர்ப்புறத்தில் 'டொலி' என்னும் கனத்த உருக்குக் கட்டியைப் பிடித்துக்கொள்வார். ஆணியின் வட்டத் தலை நசுங்காதிருக்க, அதே வடிவில் குழிந்த கருவியொன்றைத் தலையின்மேல் வைத்து அதன்மேல் அடிப்பர். அடி தலையின்மேல் விழுகிறது. விரிவதோ டொலி பட்ட மறுமுனை. டொலி இல்லையேல் ஆணி பின்னே ஓடிவிடும். தொட்டியின் உள்மூலையில் நுழையக்கூடியவன் மாஸ்டரின் மகன் ஒருவனே ஆகையால் டொலி அவன் கைக்கு வந்தது.

உள்ளே இருப்பவனுக்கு வெளியே இருப்பவரைத் தெரியாது. பாஸுக்கோ காது கேளாது. இருவரும் எவ்வாறு பேசிக்கொள்வது? விமானத் தொழிற்சாலைகளில் வழங்கும் ஒரு குறிமுறை இங்கும் வழங்கியது. டொலி பிடிப்பவன் ஆணியை ஒருமுறை தட்டினால், இன்னும் அடிக்க வேண்டும் என்று பொருள். இரண்டு தட்டு, ஆணி நன்று. மூன்று தட்டு, ஆணி கெட்டது; அதனை அழித்து எடுக்க வேண்டும். பாஸ் அதனைக் காதால் கேட்பதில்லை. கருவியைப் பிடித்த இடக்கையால் உணர்ந்துகொள்கிறார்.

முதலாணி சாய்ந்தது. பையன் டொலியைச் சற்றுக் கோணலாகப் பிடித்துவிட்டான். இரண்டாவதில் கருவி வழுகித் தகட்டில் பிறைபோன்ற தழும்பு விழுந்தது. அது பாஸின் கைப்பிழை. "என்னுடைய பிழை" என்று அவர் சொல்லிக்கொண்டே அந்த இடத்தைத் தடவிப் பார்த்ததை நாம் கண்டோம். மூன்றாவதிலே பையன் அச்சத்தால் டொலியை அழுத்தித் தள்ளினான். பட்டை தகட்டிலிருந்து மேலெழுந்து, இடையிலே ஆணி பருத்துவிட்டது. "தம்பி, தள்ளாதேயும். ஆணியோடு ஒட்டினாற்போலப் பிடியும். பாரம் தன் வேலையைத் தானே பார்க்கும்" என்றார் பாஸ்.

நாமும் ஓர் ஆணியை அடித்துப் பார்த்தோம். தகடு நோகுமே என்று மெதுவாகப் பன்னிரண்டு அடி அடித்தோம். அதுதான் தவறு. அலுமினியம் ஒவ்வோர் அடிக்கும் சிறிது இறுகுகிறது. மெல்லிய அடிகள் முனையை விரிக்காமல் இறுகச் செய்வதோடு நின்றுவிடுகின்றன; பின்னர் பலமாக அடித்தாலும் அது விரியாது, வெடிக்கும். பாஸின் அடிகளை எண்ணினோம். ஆணிக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. முதலடி துளையை நிறைக்கும். அடுத்தவை தலையை விரிக்கும்.

இவ்வாறு முதல் நாளில் பதினொரு ஆணிகள் நின்றன. ஏழு ஆணிகள் கழிவுப் பேணிக்குப் போயின. இரண்டாம் நாள் நடுப்பகலுக்குள் பையனின் கை பழகிவிட்டது. அடியின் ஓசையே மாறியது: தளர்ந்த ஆணி தகரம்போல் அதிர்ந்தது, நிறைந்த ஆணி கல்லில் அடித்தாற்போல் ஒலித்தது. இரட்டைத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாஸ்டர் ஒரு சிறு அட்டையில் 5/32 அங்குல ஆணித் தலைக்குரிய அகலத்தையும் உயரத்தையும் வெட்டி வைத்துக்கொண்டு, ஆசிரியர்க்கே உரிய முறையில், முடிந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருத்திப் புள்ளியிட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பேராலய மணி ஒலித்தபோது முப்பத்து மூன்றாவது ஆணி ஏறியது. அது தந்தையாரின் நெளிவுக்கு மேலே அமையும் ஆணி. மாஸ்டர் பட்டையின் மேலாக எட்டிப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு தட்டு" என்றார். அவர் இருந்த இடத்திலிருந்து எமக்கும் அப்படியே தோன்றியது. பையன் உள்ளேயிருந்து கைவிளக்கைப் பிடித்து ஆணியின் தலையைச் சுற்றிப் பார்த்தான். ஒருபுறம் ஒரு நூலிழை சாய்வு. சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர் டொலியின் தட்டுக் கேட்டது: ஒன்று, இரண்டு, மூன்று.

பாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் துறப்பணத்தை எடுத்தார்.